துப்பறியும் நாடகமும் கோசைன் அலையும்

மாலை நேரம். உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் செங்கற்பட்டுப் பேருந்துக்காக ஒரு மாணவன் காத்து நிற்கிறான். அவன் கையிலுள்ள கைப்பேசியில் 'ப்யோம்கேஷ் பக்ஷி' நாடகத்தின் ஒரு பகுதி ஓடுகிறது. காலையில் வீட்டிலேயே இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டான். "இதில் என்ன வியப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். அரை மணி நேர நாடகம் ஒன்று அந்தச் சிறு கருவிக்குள் எப்படி அடங்கிற்று என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அதுவே ஒரு துப்பறியும் கதைதான்.

முதலில் நாடகத்தின் வரலாற்றைப் பார்ப்போம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கப்பட்டது. 1985-இல் பங்கஜ் கபூர் நடித்த 'கரம்சந்த்' என்னும் துப்பறியும் தொடர் தூர்தர்ஷனில் வந்தது. 1993-இல் பாசு சாட்டர்ஜி இயக்கத்தில், ரஜித் கபூர் நடிப்பில் 'ப்யோம்கேஷ் பக்ஷி' வந்தது. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்தியாயர் 1932 முதல் எழுதிய கதைகள் அவை. அக்கதைகளின் நாயகன் தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்ள விரும்பமாட்டான். 'சத்யான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவன் என்றே சொல்லிக்கொள்வான்.

அந்நாளில் இத்தகைய நாடகத்தைப் பார்ப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. குறித்த நேரத்தில் மின்சாரம் நின்றால் கதை போயிற்று. முடிச்சு அவிழும்போது, "இந்தத் தடயத்தை முன்பே காட்டினார்களா?" என்று ஐயம் எழும். திருப்பிப் பார்க்க வழியில்லை. மறு ஒளிபரப்புக்குத்தான் காத்திருக்க வேண்டும். இத்தொடர் 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின்போது மீண்டும் ஒளிபரப்பாயிற்று. இன்றோ, இறக்கி வைத்த நாடகத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பின்னோக்கிச் செல்லலாம், தடயங்களைச் சரிபார்க்கலாம். அறிவுக்கு வேலை தரும் நாடகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி ஒரு சிறு கணக்கு. பழைய தொலைக்காட்சிப் படம் ஒன்றை எண்களாக மாற்றினால் 720 நிரல்கள், 576 நிரைகள். ஆக 4,14,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று வண்ணங்களுக்காக 3 பைட்டுகள். வினாடிக்கு 25 படங்கள். அரை மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 5,600 கோடி பைட்டுகள் வரும். அதாவது 56 கிகாபைட். 700 மெகாபைட் கொள்ளும் குறுந்தகடுகள் 80 தேவை! ஆனால் நம் மாணவன் இறக்கியது சில நூறு மெகாபைட் மட்டுமே. மற்றவை எங்கே போயின?

விடைக்கு நாம் 1972-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அப்போது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். படங்களைக் கோசைன் அலைகளாகப் பிரித்துச் சுருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கருத்து மிக எளிதாக இருக்கிறது என்று பட்டதால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. தம் ஆராய்ச்சி மாணவர் தி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகப் பொறியியல் பட்டதாரியான நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் நான்கே பக்கங்களில் அவர்கள் கட்டுரை வெளியாயிற்று.

அதன் தத்துவம் இதுதான். படத்தைப் பக்கத்துக்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு சதுரத்திலும் 64 புள்ளிகள். அவற்றின் ஒளி அளவுகளை 64 கோசைன் அலை வடிவங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். வானம், சுவர், முகம் போன்ற பகுதிகளில் ஒளி மெதுவாகவே மாறும். ஆதலால் சில வடிவங்களுக்கே பெரிய மதிப்பு வரும். மற்றவை பூச்சியத்தை ஒட்டி நிற்கும். மிக நுண்ணிய மாற்றங்களை நம் கண் சரிவர உணர்வதுமில்லை. எனவே அவற்றை விட்டுவிடலாம். மேலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். 1988 முதல் வந்த வீடியோ தரமுறைகளும், 1990-களில் வீடு தேடி வந்த வி.சி.டி. தகடும் இந்த அடிப்படையில் அமைந்தவையே. 2003-இல் வந்து இன்றும் பரவலாக வழங்கும் எச்.264 முறையும் இதன் வழித்தோன்றலே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிறர் கவனிக்காத நுண்ணிய அடையாளத்தைக் கவனிப்பவனே துப்பறிவாளன். பிறர் கவனிக்காததை வீசி எறிவதே இந்தச் சுருக்கும் முறை! மிகக் குறைந்த தரத்தில் இறக்கினால், கடிதத்தின் சிறு எழுத்தோ பூட்டின் மேலுள்ள கீறலோ மறைந்துவிடக்கூடும். பிறகு கதாசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று குறை சொல்வது நியாயமாகுமா?

எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது என்பதை நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரும் விளக்கும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் அங்கே உள்ளன. யார் தேர்தலுக்கு உரியவர், யார் ஆகாதவர் என்று அவை வரையறுக்கின்றன. அங்கே ஒரு சொல் உதிர்ந்தால் விதியே மாறிவிடும். எழுத்துக்கு இழப்பில்லாத சுருக்கமே ஏற்றது. படத்துக்குச் சற்று இழப்பு பொறுக்கும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். உரிமையுடன் வெளியிடப்பட்ட துப்பறியும் நாடகம் ஒன்றைக் குறைந்த தரத்திலும் உயர்ந்த தரத்திலும் இறக்குங்கள். இருள் சூழ்ந்த காட்சியில் நிறுத்திப் பாருங்கள். குறைந்த தரப் படத்தில் சிறு சிறு கட்டங்கள் தெரியக்கூடும். அவையே நாம் மேலே கண்ட சதுரங்கள். பிறகு, முடிச்சு அவிழுமுன் நாடகத்தை நிறுத்தி, நீங்கள் கண்ட தடயங்களைத் தாளில் எழுதி, விடையை ஊகியுங்கள்.

"ஐயா, இந்தக் கோசைன் எதற்குப் பயன்படும்?" என்று வகுப்பில் கேட்கத் தயங்கும் மாணவர்கள் பலர். கேள்வி மிக எளிதாயிற்றே என்ற கூச்சம்! மிக எளிது என்று மறுக்கப்பட்ட கருத்துதான் இன்று உங்கள் கையில் படமாக ஓடுகிறது. ஆகவே, தயங்காமல் கேளுங்கள்.