ஊவாத் தோட்டங்களில் மாதவிடாய் நின்ற பருவம்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணின் உடல் குறித்து நிறையப் பதிவுகள் உண்டு. அவள் வேலைக்கு வந்த நாட்கள், அரைப்பேரா முழுப்பேரா (அரை நாள் கூலியா முழு நாள் கூலியா) என்ற கணக்கு, பறித்த கொழுந்தின் எடை, பெற்ற பிள்ளைகள், அவற்றில் இறந்தவை என எல்லாம் தோட்டப் புத்தகங்களில் ஏறின. மாதவிடாய் நின்ற பின் அந்த உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அவற்றில் பத்தியே ஒதுக்கப்படவில்லை. பிள்ளை பெறும் வயதும் கொழுந்து பறிக்கும் வலுவுமே தோட்டத்துக்குத் தேவைப்பட்டன.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவ வேலைக்கு வந்த ஆண்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளில் அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். அந்த வேலை பெண்களிடம் வந்தது, குடும்பங்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் நிலைத்தன. 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளுக்கு வைத்தியரையும் ஆஸ்பத்திரியையும் கொண்டுவந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உணவும் ஓய்வும் தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகியான துரை மீது வைத்தது. 1939இல் பிரசவ நன்மைச் சட்டம் வந்தது. இவை பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றும் பெண்ணைத் தாயாகவோ தொழிலாளியாகவோ மட்டுமே பார்த்தன.

மாதவிடாய் நின்றதற்குப் பிந்திய வாழ்வைப் பெண்களே தங்களுக்குள் பேசித் தெரிந்துகொண்டார்கள். பெரியபிள்ளையான பெண்ணுக்குக் குடிசை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஊரைக் கூட்டிச் சடங்கு செய்யும் சமூகத்தில், தூரம் நின்ற பெண்ணுக்குச் சடங்கு இல்லை. அவளுக்கு ஒரு விடுதலை மட்டும் கிடைத்தது. கோயில் காரியங்களில் தடையின்றி நிற்கலாம். வீட்டில் அவள் சொல்லுக்கு எடை கூடியது. உடல் எரிச்சலும் தூக்கமின்மையும் வந்தால் சூடு என்றார்கள். எண்ணெய்க் குளியல், வெந்தயம், மோர் என்று தணிப்பைத் தேடினார்கள். பலருக்கு அது ஆறுதல் தந்தது. அளவுக்கு மீறிய இரத்தப்போக்கையும் அதே சூட்டின் கணக்கில் சேர்த்து, வைத்தியரிடம் போகாமல் விட்டதுதான் பெரிய கேடு.

லயமும் மலையும் இந்தப் பருவத்தை இன்னும் கடினமாக்கின. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கணவன், பிள்ளைகள், சில வீடுகளில் மருமகளும் சேர்ந்து உறங்க, நள்ளிரவில் வியர்த்து எழுபவளுக்கு உடை மாற்ற ஒதுங்கவும் இடமில்லை. வெலிமடை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் கம்பளியை உதறி எறியும் மனைவியைக் கணவன் விளங்கிக்கொள்ளாவிட்டால் அது சண்டையாகவே முடியும். மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் போக்கு ஒழுங்கு தவறும், சிலருக்கு மிகும். கழிப்பறை இல்லாத மலையில் கூடையோடு நாள் முழுதும் நிற்பவளுக்கு அது இரட்டைத் துன்பம். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயமும் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைப்பதால் இரத்தசோகை முற்றும்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. அடுத்து வந்த ஆண்டுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை, தோட்டத்தார் சொல்லும் எல்.ஆர்.டி., தோட்டங்களில் பரவலாயிற்று. 1980 முதல் அரசு அதற்குப் பணமும் கொடுத்தது. பின்னர் வந்த உடல் மாற்றங்களுக்கெல்லாம் அதையே காரணம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. உண்மையில் குழாயைக் கட்டுவதால் மாதவிடாய் நிற்பதில்லை. சூலகங்களை அகற்றினால் உடனே நிற்கும். இந்த வேறுபாட்டை அந்தப் பெண்களுக்கு அவர்கள் மொழியில் அன்றே விளக்கியிருக்க வேண்டும்.

அரச சுகாதார சேவை பிள்ளைப்பேற்றைத் தாண்டிப் பார்க்கத் தொடங்கியது 1996இல். குடும்ப சுகாதாரப் பணியகம் அந்த ஆண்டில் சுகவனிதையர் கிளினிக்குகளை அறிமுகப்படுத்தியது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே சோதிக்கிறார்கள். மாதவிடாய் நிற்பது பற்றியும் கேட்கலாம். மேற்சிகிச்சைக்கு வெலிமடை ஆதார வைத்தியசாலையும் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியும் உள்ளன. தமிழ் பேசும் ஊழியர் குறைவு, கூச்சம், ஒரு நாள் பேர் இழப்பு ஆகிய மூன்றும் தோட்டப் பெண்ணை இன்றும் தடுக்கின்றன.

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் போக்கு வராவிட்டால் மாதவிடாய் நின்றதாகக் கொள்வர். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் இது நேர்கிறது. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் குறைவதால் திடீர் வெப்பம், இரவு வியர்வை, மூட்டு நோவு, யோனி வறட்சி, மனத்தளர்ச்சி வரலாம். எலும்பு மெலியும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஹோர்மோன் சிகிச்சை மீது உலகெங்கும் அச்சத்தை விதைத்தது. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் பலருக்கு அதன் நன்மையே மிகுதி எனப் பின்னர் தெளிந்தது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. குரக்கன், கீரை, நெத்தலி எலும்புக்கு உதவும். ஓராண்டு நின்ற பின் மீண்டும் இரத்தம் கண்டால், துளியானாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

கணவனின் பங்கைத் தோட்ட வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பெண்ணின் சம்பளத்தை அப்பனோ புருஷனோ வாங்கும் வழக்கத்தையும், ஆண்கள் வேலை முடிந்து முன்னதாக வீடு திரும்ப, பெண்கள் மாலைவரை மலையில் நிற்பதையும் ஆய்வாளர் ரேச்சல் குரியன் 1982இல் எழுதினார். ஆண் பெண் சம்பளச் சமத்துவம் 1984இல்தான் வந்தது. ஆகவே மனைவி கிளினிக் போகப் பஸ் காசும் ஒரு நாள் ஓய்வும் கிடைப்பது பெரும்பாலும் கணவன் மனத்தில்தான் இருந்தது. முன்னதாக வீடு வரும் அவன் பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு சேர்த்து, அடுப்பையும் பார்த்தால் அவளுக்கு இரவில் இழந்த தூக்கத்தில் ஒரு மணி நேரமாவது திரும்பக் கிடைக்கும். வறட்சியால் உறவு நோகும்போது அவள் விலகுவதை வெறுப்பென்று எண்ணாமல், அதற்கும் மருந்து உண்டென்று அறிந்து அவளோடு கிளினிக் வரை போவது அதைவிடப் பெரிய உதவி.

இதே வயதை ஒட்டி ஓய்வுக் கேள்வியும் வரும். 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பெண்ணுக்கு ஐம்பதிலும் ஆணுக்கு ஐம்பத்தைந்திலும் பணத்தை எடுக்க இடம் தந்தது. சேமலாபப் பணம் எடுத்த பெண்கள் பலர் கைக்காசுக்கு அதே மலையில் தொடர்ந்து பறித்தார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை அறுபதாக்கியதால், பதிவு பெற்ற தொழிலாளியாகவே அவள் மெலிந்த எலும்போடு சரிவில் நிற்கும் ஆண்டுகள் மேலும் நீள்கின்றன. மலையில் கழிப்பறை, நிழலில் தண்ணீர், ஐம்பதைக் கடந்தவர்களுக்குச் சரிவு குறைந்த நிரை, கிளினிக் நாளுக்குப் பேர் ஆகியவை தோட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளவை.