நரம்புக்கு உரம் – 9: உரிக்கும் கை எது?

சென்ற வாரம் ஈவ்-அலேன் பார்ட், ஹான்ஸ் தோனன் என்ற இரு ஆய்வாளர்களையும் பன்றி மூளைகளோடு விட்டுவிட்டு வந்தோம். ஒன்றரைக் கிலோ மூளையை அரைத்து, வடித்து, பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் கடைசியாக மிஞ்சியது ஒரு மைக்ரோகிராம் புரதம். 1982இல் உலகுக்கு அறிமுகமான அதுதான் பி.டி.என்.எஃப். நரம்பணுவைச் சாகவிடாமல் காத்து, இணைப்புகளை வலுப்படுத்தும் வளர்ச்சிக் காரணி.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எல்லாரும் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 2001இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பார்பரா ஹெம்ப்ஸ்டெட் குழு அந்த நிம்மதியைக் கலைத்தது. இந்த வகைப் புரதங்களை அணு முதலில் மட்டை உரிக்காத தேங்காய் போலப் பெரிதாகத்தான் செய்கிறது. உரித்த வடிவம் நரம்பணுவை வாழவைக்கிறது. உரிக்காத 'புரோ' வடிவமோ பி75 என்ற வேறொரு ஏற்பியைப் பிடித்து, அணுவைச் சாவுக்கே தள்ளக்கூடியது! ஒரே மரபணு, நேர் எதிரான இரண்டு வேலைகள்.

அப்படியானால் உரிப்பது யார்? எப்போது?

2004இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பாய் லூவின் குழு ஒரு பெயரைச் சொன்னது: டி.பி.ஏ. நமக்குப் புதிதல்ல இது. பாரிவாக்கத்தில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு கை தொங்கிப்போனால், ஆம்புலன்ஸ் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நகரை நோக்கிப் பறப்பது இதற்காகத்தான். மூளை ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்க, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அதே டி.பி.ஏ. அது பிளாஸ்மின் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. பிளாஸ்மின் கட்டியைக் கரைக்கிறது. மூளைக்குள்ளும் அதே ஜோடிதான். ஆனால் அங்கே பிளாஸ்மின் வெட்டுவது புரோ-பி.டி.என்.எஃப்பை. அந்த வெட்டு நடக்காவிட்டால், நீண்ட நேரம் நிலைக்கும் நினைவுக்கு அடிப்படையான இணைப்பு வலு உருவாவதில்லை.

'எப்போது' என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 2009இல் அதே குழுவிலிருந்து வந்த கட்டுரையில் முதல் பெயர், நம் காதுக்குப் பழகியது: குகன் நாகப்பன். இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இவருடையது. ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியின் நரம்பணுக்களைத் தட்டில் வளர்த்து, மின்துடிப்பால் தூண்டினார்கள். பிறகு அணுக்களை விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றியிருந்த திரவத்தைச் சோதித்தார்கள். நரம்பணு எதை வெளியே விட்டிருக்கிறது என்பதற்கு அந்தத் திரவம்தான் சாட்சி.

துடிப்பை மெதுவாகக் கொடுத்தபோது திரவத்தில் மிகுந்திருந்தது புரோ வடிவம். உரிக்க ஆளில்லை. அடுத்தடுத்து வேகமாகக் கொடுத்தபோது டி.பி.ஏ.வும் கூடவே வெளியே வந்தது, உரித்த பி.டி.என்.எஃப் கூடியது. எவ்வளவு சுரக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. வெளியேறிய புரதம் ஆக்குமா அழிக்குமா என்பதையே துடிப்பின் வேகம் தீர்மானிக்கிறது. பாடம் படிக்கும் பிள்ளையின் மூளையில் எந்த இணைப்பு தங்கும், எது தளரும் என்ற பெரிய கேள்விக்கு ஒரு வேதியியல் விடை கையில் கிடைத்ததுபோல இருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஏனென்றால் ஓராண்டு முன்பே, 2008இல், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஒரு மறுப்பு வந்திருந்தது. எலியின் நரம்பணுக்கள் புரோ வடிவத்தை வெளியே விடுவதே இல்லை; உரிப்பதெல்லாம் உள்ளேயே விரைவில் நடந்துவிடுகிறது; சேமிப்பதும் சுரப்பதும் உரித்ததை மட்டுமே என்றது அது. அது உண்மையானால், வெளியே காத்திருக்கும் டி.பி.ஏ.வுக்கு அங்கே உரிக்க எதுவுமே இல்லை. எதிர்த்தவரோ சாதாரண ஆளல்ல. பன்றி மூளையிலிருந்து அந்த ஒரு மைக்ரோகிராமை எடுத்த அதே பார்ட்!

ஹெம்ப்ஸ்டெட் பின்வாங்கவில்லை. 2009இல், பார்ட் எழுதிய அதே ஆய்விதழில், அதே எலி மூளையை வைத்தே அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலில் இருந்தது என்ன?

(அடுத்த வாரம்)