குளம்

இலங்கையின் வன்னியில் உள்ள அக்கராயனை ஊரார் அக்கராயன்குளம் என்றும் சொல்வர். வவுனிக்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என வன்னியில் ஊர்ப்பெயரும் குளத்தின் பெயரும் ஒன்றாகவே வரும். தமிழகத்தின் வடபகுதியார் ஏரி என்பதை இங்கே குளம் என்கிறோம். கட்டு, துருசு (மதகு), வான் (மிகைநீர் வழியும் கலிங்கு) மூன்றும் உள்ள, மனிதர் மறித்துக் கட்டிய நீர்நிலை அது. மாரியில் வான் பாய்ந்தால்தான் விவசாயிக்கு நிம்மதி.

தெலுங்கில் 'குளம்' என்ற சொல்லின் நேர் உறவு 'கொலனு', கன்னடத்தில் 'கொள'. ஆனால் பாசனக் குளத்துக்குத் தெலுங்கர் வைத்த பெயர் 'செறுவு'. ஐதராபாத் அருகே உள்ள பட்டான்செரு அதைத் தாங்கிய ஊர்தான். நம் பழந்தமிழ்ச் 'செறு' வயலையும் குறிக்கும், குளத்தையும் குறிக்கும். தண்ணீரைச் செறுத்தல், அதாவது அடக்குதல், இரண்டுக்கும் பொது.

நீர்நிலையைக் குறிக்கும் ஐரிஷ் மொழியின் 'லோக்' வேறு குடும்பத்துச் சொல். இலத்தீன் 'லாக்குஸ்' அதன் உடன்பிறப்பு. இயற்கை ஏரியையும், கடல் உள்நுழைந்த கழியையும் அது சுட்டும். அணைகட்டும் எண்ணம் அதில் இல்லை. ஒலி ஒப்புமை தேடி இதைத் தமிழோடு முடிச்சுப் போடுவோர் எண்ணுப்பெயர்களைப் பார்க்கட்டும். தெலுங்கின் 'மூடு' நம் மூன்று. ஐரிஷ் 'ட்ரீ'யின் தூரத்து உறவோ சிங்களத் 'துன'. குளத்தைக் குறிக்கும் சிங்கள 'வெவ'வும் வடமொழி 'வாபி'யின் வழி வந்தது. நம் 'வாவி'யும் அங்கிருந்து எடுத்ததே.