காலாண்டிலிருந்து பருவத்துக்கு: நடுநிலை வகுப்பின் நாட்களை அளந்த வரலாறு

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் வருவது பழமலைநாதர் கோயில், அடுத்தது பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தின் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் ஜாடி, கொலு பொம்மை, மின்கம்பத்துக்கான காப்பான், பியூஸ் கேரியர் என்று பல பொருள்கள் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் போயிருக்கின்றன. இதற்கு மேற்கே கிராமங்களாக விரிவது நல்லூர் ஊராட்சி ஒன்றியம். இப்படிப்பட்ட ஒன்றியத்தின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு பருவத்தில் என்ன படிக்கிறது, என்ன செய்கிறது? கேள்வியின் முதல் பாதிக்குப் பாடநூலே விடை சொல்லிவிடும். இரண்டாம் பாதிக்குச் சான்று மிகக் குறைவு. அந்தச் செய்கைக்குக் கல்வித்துறை எப்போதெல்லாம் மதிப்பெண் கொடுத்தது, எப்போதெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டது என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சென்னை மாகாணக் காலத்தில் ஆறு முதல் எட்டு வரையுள்ள மூன்று நடுநிலை வகுப்புகளுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு ஆறாம் வகுப்பு ‘முதல் ஃபாரம்’. கிராமத்திலேயே தங்கியவர்களுக்கு ‘ஹையர் எலிமெண்டரி’ பள்ளி. அதன் முடிவில் இ.எஸ்.எல்.சி. தேர்வு. அந்தச் சான்றிதழோடு படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்குப் போன தலைமுறையை இன்றும் கிராமங்களில் பார்க்கலாம். இரண்டு வாசலிலும் ஆண்டின் எலும்புக்கூடு ஒன்றேதான்: காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. ஜூனில் நடத்திய பாடம் செப்டம்பரில் ஒருமுறை, டிசம்பரில் மறுமுறை, ஏப்ரலில் இன்னொரு முறை தேர்வுக்கு வரும். சுமை கூடிக்கொண்டே போகும் ஏற்பாடு அது. பிள்ளை மனப்பாடத்தில் தேறியது வியப்பில்லை.

செய்து கற்பது என்ற எண்ணம் அப்போது இல்லாமல் இல்லை. 1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு வகுத்துக் கொடுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் ஆதாரப் பள்ளிகள் திறக்கப்பட்டன. தக்களி சுற்றியதும் தோட்டம் கொத்தியதும் பள்ளி வேலையின் பகுதியாக இருந்தன. ஆனால் தேர்வின் முன் அவற்றுக்கு எடை இல்லை.

பிறகு வந்தது 1953. முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் பெற்ற அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பி, 1954இல் காமராஜர் பதவியேற்றதும் கைவிடப்பட்டது. திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றது; நம் நடுநிலை வகுப்புகளைத் தொடவில்லை. ஆனாலும் அதன் நிழல் நீளமானது. குயவர் வீட்டுப் பிள்ளையின் கையில் பள்ளியே களிமண்ணைக் கொடுப்பது தமிழ்நாட்டில் எளிதான காரியமாக இருக்கவில்லை. பீங்கான் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் களிமண் பாடப்பொருளாகாமல் போனதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அந்தத் தயக்கம் நியாயமானது என்றும் சொல்ல வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு பயிலகம் உண்டு. அங்கே சேரக் குயவர் வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் கேட்கிறார்கள். தொழில் குலத்திலிருந்து கழன்று படிப்பாக மாறியது அந்த வழியில்தான்.

ஐம்பதாண்டு தாவலாம். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. பாய், அட்டை, ஏணிப்படி என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. அதன் அண்ணன் போல மேல் வகுப்புகளுக்கு வந்ததுதான் ‘படைப்பாற்றல் கல்வி’. ஆசிரியர் பாடத்தை அறிமுகம் செய்வார், பிள்ளைகள் தாமே படித்துப் புதிய சொற்களுக்குக் கீழே கோடிடுவார்கள், தனித்தனியாக மனவரைபடம் போட்டு, குழுவாக உட்கார்ந்து அதைத் தொகுத்து, எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்வார்கள், பின்பு எழுதுவார்கள். இதில் புதுமை, பிள்ளை எழுந்து பேசியதுதான். குறை என்னவென்றால், எல்லாப் பாடத்துக்கும் ஒரே படிவரிசை. கணக்குக்கும் மனவரைபடம், செய்யுளுக்கும் மனவரைபடம். அரையாண்டுத் தேர்வு மட்டும் பழைய இடத்திலேயே, பழைய கேள்விகளோடு காத்திருந்தது.

அடுத்த திருப்பம் நீதிமன்றம் வழியாக வந்தது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வாரியங்களாகக் கிடந்ததை ஒன்றாக்கும் யோசனையை முனைவர் ச. முத்துக்குமரன் குழு முன்வைத்தது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் நிறைவேறி, அந்த ஆண்டு ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் நடைமுறைக்கு வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்க முயன்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வந்தது: பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்துங்கள். ஜூன் நடுவில் திறந்த பள்ளிகளில் பெரும்பாலான வகுப்புகளுக்கு அதுவரை பாடநூல் இல்லை. ஆசிரியர்கள் பொதுவான பயிற்சிகளால் நாட்களை நகர்த்தினார்கள். பாடநூலே இல்லாமல் ஏறக்குறைய அரைப் பருவம் எப்படியிருக்கும் என்பதைத் தமிழ்நாடு அறியாமலேயே சோதித்துப் பார்த்த ஆண்டு அது. அந்த இரண்டு மாதங்களில் வகுப்பறைகளில் என்ன நடந்தது என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அருமையான ஆவணமாக இருக்கும்.

முப்பருவ முறை அதற்கு மறு ஆண்டு, 2012-13இல், எட்டாம் வகுப்பு வரை வந்தது. பின்னணியில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இருந்தது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாள், 1000 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுத்த சட்டம், பயத்தைப் போக்கும் தொடர் மதிப்பீட்டையும் வேண்டியது. ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் ஏப்ரல் என்று ஆண்டு மூன்றானது. கவனித்தால், வெட்டிய இடங்கள் பழைய காலாண்டும் அரையாண்டும்தான். பெற்றோர் வாயில் இன்றும் ‘காலாண்டு லீவு’ என்றே வருவது அதனால்தான். மாறியது உள்ளே: முதல் பருவத்துப் பாடம் முதல் பருவத்தோடு முடிந்தது; ஏப்ரலில் அது திரும்பி வராது. புத்தகமும் பருவத்துக்கு ஒரு சில தொகுதிகளாகச் சுருங்கியது. பையின் கனம் குறைந்ததைப் பிள்ளைகளின் தோளே சொன்னது.

மதிப்பெண் பங்கீடுதான் நம் கேள்விக்கு முக்கியம். நூற்றில் 60 பருவத் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த நாற்பதில் பாதி சிறு தேர்வுகளுக்கு, பாதி செயல்பாடுகளுக்கு. நடித்துக் காட்டுவது, படம் சேர்ப்பது, அளந்து வருவது, பேட்டி எடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் முதல் முறையாக எண்ணில் ஓர் இடம். தக்களிக்குக் கிடைக்காத இருபது மதிப்பெண் இது. வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, யோகா, விளையாட்டு ஆகியவற்றுக்கும் தரநிலை போட வேண்டியிருந்தது.

நடந்தது என்ன? செயல்பாடுகளுக்கான அந்த இருபது மதிப்பெண்ணைக் குறிக்கும் ‘எஃப்.ஏ. ஏ’ என்ற சொல் ஆசிரியர் அறையில் பெருமூச்சோடு சேர்ந்தே ஒலித்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் பதிவேடு; இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் ஆசிரியருக்கு அதுவே ஒரு பாடவேளை. செயல்பாடு என்பது கடையில் ஐந்து ரூபாய்க்கு விற்கும் படத்தாளை வாங்கி ஒட்டுவதாக எத்தனையோ இடங்களில் சுருங்கியது. ஒட்டியது அக்காவா அம்மாவா என்பது கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் முழுவதையும் நாடகம் என்று தள்ளுவது அநியாயம். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை பேசியும் செய்தும் மதிப்பெண் வாங்கிய முதல் ஏற்பாடு அது.

2018-19இல் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. முதல் பருவ அட்டவணையைப் பார்த்தால் ஒரு பிள்ளை நான்கு மாதத்தில் எவ்வளவு தொலைவு நடக்கிறது என்று தெரியும். தமிழில் மொழி, இயற்கை, எந்திரம் என்று மூன்று இயல்கள். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ படக்கதையாக அங்கே உண்டு. கணக்கில் இயற்கணிதம் தலைகாட்டுகிறது. அறிவியல் அளவீட்டில் தொடங்கிக் கணினி அறிமுகத்தில் முடிகிறது. சமூக அறிவியலில் சிந்துவெளி நாகரிகமும் தமிழ்நாட்டின் பண்டைய நகரங்களும். ஹரப்பாவில் சுட்ட மண்பாண்டத்தைப் பற்றிப் படிக்கும் நல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு, பேருந்தில் போகும் தூரத்திலேயே சூளை இருக்கிறது. சூளையில் எவ்வளவு சூடு, களிமண் ஏன் சுருங்குகிறது, மின்காப்பானை ஏன் பீங்கானில் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வருவது செயல்பாட்டுக்குரிய இருபது மதிப்பெண்ணுக்கு எந்தப் படத்தாளையும்விடத் தகுதியானது. குலத்தொழில் பயிற்சி என்ற ஐயத்துக்கும் அதில் இடமில்லை. கேட்கப் போவது வகுப்பு முழுவதும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பெருந்தொற்று வந்து பருவம் என்ற கணக்கையே குலைத்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மாலையில் திண்ணையிலும் மரத்தடியிலும் கூடினார்கள். அதற்குப் பின் கலைத் திருவிழாவும் மன்றச் செயல்பாடுகளும் சிறார் திரைப்படமும் பள்ளி நாளுக்குள் வந்தன. இவற்றில் மதிப்பெண் இல்லை. பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வதும் அதனால்தானோ என்னவோ. எட்டாம் வகுப்பு இப்போது முப்பருவத்திலிருந்து விலகி, ஆண்டு முழுவதற்கும் ஒரே நூல் என்ற பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. ஆறிலும் ஏழிலும் மட்டும் மூன்று பருவம் நீடிக்கிறது.

இந்த வரலாற்றை எழுத முயலும் எவருக்கும் தேர்வுத்தாள் கிடைக்கும், அரசாணை கிடைக்கும், பாடநூல் கிடைக்கும். பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று, ஆசிரியர்கள் சலித்துக்கொண்டே எழுதிய அந்தத் தொடர் மதிப்பீட்டுப் பதிவேடுகள்தான். நல்லூர் ஒன்றியத்துத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அலமாரியைச் சுத்தம் செய்யும்போது 2012 முதலான பதிவேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.