கிழட்டு எஃப்ராயிமும் ஒரு ஆட்டுக்காரரும்

ஒரு கரடிக்குக் கல்லறை இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? இருக்கு. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்துல, லோகன் நகரத்துக்குப் பக்கத்து மலைக்காட்டுல. ரெண்டு ஆள் உசரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பெரிய கல். கரடியோட பேர், உயரம், எடை, செத்த தேதி எல்லாம் போட்டிருக்காங்க. கூடவே கொன்னவர் பேரும்! சமாதியில கொன்னவர் பேரை எதுக்குப் போடணும்? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கதைக்குள்ளே இழுத்தது.

கரடி பேரு ஓல்ட் எஃப்ராயிம். நம்ம பாஷையில கிழட்டு எஃப்ராயிம்னு வெச்சுக்கலாம். அந்தக் கால மலை வேட்டைக்காரங்க கிரிஸ்லி கரடிகளுக்கே பொதுவா வெச்சிருந்த பட்டப்பேர் இது. இவருக்கு ஒரு பாதம் ஊனம், அதனால 'மூணு விரல் கிழவன்'னும் சொல்வாங்க. தடத்தைப் பார்த்தாலே யாருன்னு தெரிஞ்சுடும்.

எதிர்த் தரப்பு ஃபிராங்க் கிளார்க். ஐடஹோ மாநிலத்து மலாட் ஊர்க்காரர். 1911லிருந்து அந்த மலையில ஆடு மேய்ச்சவர். கோடையில செம்மறிகளை ஓட்டிக்கிட்டு மேலே ஏறுவாங்க, பனி விழறதுக்குள்ளே இறங்குவாங்க. கிரிஸ்லி பெரும்பாலும் கிழங்கு, பழம், புல்லுனு தின்கிற ஜீவன்தான். ஆனா ஓடத் தெரியாத கொழுத்த ஆடு கூட்டம் கூட்டமா வீட்டு வாசலுக்கே வந்தா சும்மா விடுமா?

ஆட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்குங்க. ராத்திரி கிடையில கரடி புகுந்தா போறது அவரோட பிழைப்பு. கிளார்க் அந்த மலையில நாற்பதுக்கும் மேல கரடிகளைக் கொன்னவர். எஃப்ராயிம் மட்டும் சிக்கலை. பொறி வெச்சா, அதைத் தூக்கி ஓரமாப் போட்டுட்டுப் போயிடுமாம்.

கடைசில அது புரள்ற சேத்துக் குட்டையிலேயே, தண்ணிக்கு அடியில பொறியைப் புதைச்சு வெச்சார். 1923 ஆகஸ்ட். ராத்திரி ஒரு அலறல். கால்ல செருப்பை மாட்டிக்கிட்டு, கால்சட்டைகூடப் போடாம துப்பாக்கியோட ஓடினதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார். துணைக்கு ஒரு நாய். கையில இருந்தது சின்ன ரைஃபிள், ஏழு தோட்டா.

கரடி எதிர்ல எழுந்து நின்னது. 23 பவுண்டு பொறி முன்னங்கால்ல கவ்வியிருக்கு. 14 அடிச் சங்கிலியை அந்தக் கையிலேயே சுத்தி வெச்சிருக்கு. அப்படியே ரெண்டு கால்ல இவரைப் பார்த்து நடந்து வருது! சுட்டார், சுட்டார், விழலை. நாய் குறுக்கே பாய்ஞ்சு குலைக்க, கரடி அந்தப் பக்கம் திரும்பின நேரத்துல கடைசித் தோட்டா தலையில. கல்வெட்டுக் கணக்குப்படி உயரம் 9 அடி 11 அங்குலம், எடை சுமார் 1,100 பவுண்டு. தேதி ஆகஸ்ட் 22.

ஜெயிச்சவர் கொண்டாடியிருக்கணும் இல்லையா? அங்கேதான் கதை திரும்புது. கிளார்க் அதுக்கப்புறம் அந்தக் கரடியைப் பத்தி மரியாதையாத்தான் பேசினார். திரும்ப ஒரு வாய்ப்புக் கிடைச்சா அதைக் கொல்ல மாட்டேன்ங்கிறதுதான் அவரோட பிற்கால மனநிலை. நாற்பது கரடிக்கு வராத வருத்தம் ஒரு கரடிக்கு. அவ்வளவு வலியிலும் நிமிர்ந்து நின்னு எதிர்ல வந்ததே, அதைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தானே.

யூட்டாவில் இருந்த கடைசி கிரிஸ்லின்னு எஃப்ராயிமைச் சொல்றாங்க. பக்கத்துல கலிஃபோர்னியா கதை இன்னும் கொடுமை. 1911ல கிரிஸ்லியைக் கொடியில அதிகாரபூர்வமாப் போட்டாங்க. பதினோரு வருஷத்துல, 1922ல, அங்கே காட்டுல இருந்த கடைசிக் கரடிகள்ல ஒண்ணையும் சுட்டுட்டாங்க. இது கிளார்க் மாதிரி தனி ஆளோட வேலை மட்டும் இல்லை. 1915லிருந்து அரசாங்கமே காசு கொடுத்து ஓநாய், கரடின்னு வேட்டையாட ஆள் வெச்சது. பெண் கிரிஸ்லி அஞ்சாறு வயசுலதான் முதல் குட்டி போடும், அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒருதடவை. சுடுற வேகத்துக்குப் பிறக்கிற வேகம் எப்படி ஈடு கொடுக்கும்? 1975ல சட்டப் பாதுகாப்பு வர்றப்போ அலாஸ்காவை விட்டுட்டுப் பார்த்தா நாடு முழுக்க ஆயிரத்துக்கும் குறைவு.

எஃப்ராயிமோட மண்டை ஓட்டைச் சாரணர் பசங்க தோண்டி எடுத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாங்க. கிடைச்ச சன்மானம் 25 டாலர். 1978ல அது லோகன் பல்கலைக்கழக நூலகத்துக்குத் திரும்ப வந்தது.

இப்போ அந்தக் கல்லுல கிளார்க் பேர் இருக்கிறது எனக்குத் தப்பாத் தெரியலை. கரடியைப் பெரிய ஆளாக்கினதே அவர் சொன்ன கதைதான். அது எப்படி நின்னு செத்ததுன்னு மறைக்காமச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். மத்த நாற்பதுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

அந்த ராத்திரி நீங்க கிளார்க் இடத்துல இருந்திருந்தா, ஆடுகளும் உங்களோடதா இருந்திருந்தா, என்ன பண்ணியிருப்பீங்க? நான் சுட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் சங்கடமா இருக்கு.