பட்டறைக் கதவு யாருக்குத் திறக்கும்?

பத்தாவது மாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு, கைப்பட ஒரு சிறிய நீராவி இயந்திரம் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பித்தளையும் இரும்பும் கடையில் கிடைக்கும். வரைபடமும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுதான்: அவற்றைக் கடைந்தெடுக்க ஓர் இடம்.

லேத் எனப்படும் கடைசல் இயந்திரம் உலோகத் துண்டைப் பிடித்துச் சுழற்றும். கூரிய வெட்டுளி அதைச் சீவி உருவம் கொடுக்கும். கனமான இயந்திரம். எண்ணெய் சிந்தும், சீவல் தெறிக்கும். இரவில் ஓட்டினால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். விலையும் குறைவல்ல. ஆகவே, பலர் சேர்ந்து ஒரே பட்டறையைப் பயன்படுத்துவது என்ற யோசனை எழுந்தது. இது இணைய யுகத்தின் புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் வேரோ 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

1898ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் இன்ஜினியர்' என்ற இதழைத் தொடங்கினார். பொழுதுபோக்காக இயந்திரம் செய்பவர்களுக்கான இதழ் அது. அதே ஆண்டில் அத்தகைய ஆர்வலர்களுக்கு ஒரு சங்கமும் உருவானது. தென் லண்டனில் அந்தச் சங்கத்தின் சொந்தக் கட்டடம் மார்ஷலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே உறுப்பினர்களுக்கென ஒரு பட்டறையும் உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1946இல், மைஃபோர்ட் நிறுவனம் எம்.எல்.7 என்ற சிறிய லேத்தை வெளியிட்டது. வீட்டுத் தோட்டத்தில் கொட்டகை வைத்திருந்த பிரிட்டிஷ்காரர்கள் பலருக்கு அது சொந்தப் பட்டறையைச் சாத்தியமாக்கியது. ஆனால் கொட்டகையே இல்லாதவர் என்ன செய்வது?

அந்தக் கேள்வி 1980களில் அரசியல் மேடைக்கே வந்தது. அதற்குமுன், 1976இல், லூக்காஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தொழிலாளர் பிரதிநிதிகள், ஆட்குறைப்புக்கு மாற்றாக ஒரு திட்டத்தை முன்வைத்திருந்தார்கள். போர் விமானப் பாகங்களுக்குப் பதிலாக மக்களுக்குப் பயன்படும் சுமார் 150 பொருள்களைச் செய்யலாம் என்றது அத்திட்டம். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. திட்டத்தின் முன்னணியாளர்களில் ஒருவரான மைக் கூலி 1981இல் வேலை இழந்தார்.

பின்னர் லண்டன் பெருநகர மன்றத்தின் தொழில் வளர்ச்சி வாரியத்தில் அவருக்குப் பொறுப்பு கிடைத்தது. அங்கே அவர் அமைத்தவைதாம் 'தொழில்நுட்பக் கூட்டமைப்புகள்'. யோசனையோடு வரும் சாதாரண மக்களுக்கு இயந்திரங்களும் நிபுணர் உதவியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பொதுநூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல், பொதுப்பணத்தில் வாங்கிய இயந்திரத்தை எவரும் தொடலாம் என்ற எண்ணம் அது. ஆனால் 1986இல் மத்திய அரசு அந்தப் பெருநகர மன்றத்தையே கலைத்தது. பண ஆதரவு போனதும் பட்டறைகளும் நிலைகுலைந்தன.

அடுத்து வந்தது வணிக முயற்சி. 2006இல் ஜிம் நியூட்டன் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 'டெக்‌ஷாப்' கூடத்தைத் திறந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வதுபோல் மாதச் சந்தா கட்டினால் லேத், மில்லிங் இயந்திரம், வெல்டிங் கருவி எல்லாம் கைக்கு வரும். கடன் அட்டைகளைக் கைப்பேசியிலேயே தேய்க்க உதவும் 'ஸ்குவேர்' கருவியின் முதல் மாதிரியை ஜிம் மெக்கெல்வி அங்கேதான் செய்தார். அத்தகைய புகழ் பெற்றும், 2017 நவம்பரில் அமெரிக்காவிலிருந்த அதன் 10 கூடங்களும் ஒரே நாளில் மூடப்பட்டன. நிறுவனம் திவாலானது. பணம் கட்டிய உறுப்பினர்கள் பூட்டிய கதவின் முன் நின்றார்கள்.

இம்மூன்றில் நிலைத்தது சங்கம்தான். காரணம் எளியது. மன்றத்தின் பட்டறை அரசியலை நம்பி இருந்தது. டெக்‌ஷாப் முதலீட்டை நம்பி இருந்தது. சங்கமோ அதைப் பயன்படுத்துகிறவர்களை நம்பி இருக்கிறது. பட்டறை என்பது இயந்திரங்கள் மட்டும் அல்ல. வேலை முடிந்ததும் சீவலைக் கூட்ட வேண்டும். மழுங்கிய உளியைத் தீட்ட வேண்டும். 'சக்' பிடியில் சாவியை விட்டுவிட்டு மோட்டாரை முடுக்கினால், அது தோட்டாவைப்போல் பறக்கும் என்று புதியவருக்குச் சொல்லித்தர ஒரு மூத்தவர் வேண்டும். தன்னுடையது என்ற எண்ணம் இல்லாத இடத்தில் இவை நடப்பதில்லை.

டெக்‌ஷாப் மூடியபின் அதன் பழைய உறுப்பினர்கள் சிலர் கலிபோர்னியாவில் 'மேக்கர் நெக்சஸ்' என்ற இலாப நோக்கற்ற பட்டறையை அமைத்ததும் இந்தப் பாடத்தைக் கற்றதால்தான் போலும்.

ஆனால் சங்கத்துக்கும் ஒரு குறை உண்டு. அது உறுப்பினருக்கு மட்டுமே திறக்கிறது. கையில் காசும் அறிமுகமும் இல்லாத ஓர் இளைஞனுக்கும் கதவு திறக்க வேண்டும் என்று கூலி கண்ட கனவு இன்னும் முழுமை பெறவில்லை. பத்தாவது மாடியில் இருப்பவரைப் போன்ற நான்கு பேர் ஒன்றுசேர்ந்தால் ஒரு பட்டறை தொடங்கிவிடும். ஐந்தாவதாக வருபவர் யாராக இருந்தாலும் அவருக்கும் இடம் விடுவார்களா என்பதே கேள்வி.