மாலத்தீவுச் சோழியும் அடிமை வணிகமும்

பல்லாங்குழி ஆடவும் தாயம் உருட்டவும் நாம் எடுக்கும் சோழி, பல நாடுகளில் பல நூற்றாண்டுகள் பணமாகப் புழங்கியது. அது ஏராளமாகக் கிடைத்த இடம் மாலத்தீவு.

1343-ல் அங்கு சென்று காஜியாகவும் பணியாற்றிய இப்னு பதூதா, சோழி எடுக்கும் முறையைத் தன் பயண நூலில் சொல்லியிருக்கிறார். கடலில் திரட்டி வந்து கரையில் குழி தோண்டிப் போடுவார்கள். சதை அழுகிப்போனதும் வெள்ளை ஓடு மிஞ்சும். ஒரு தங்க தீனாருக்கு 4 லட்சம் சோழி! வங்காளத்தார் அரிசி கொடுத்து அள்ளிச் சென்றனர். சுமார் பத்து ஆண்டுகள் கழித்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, காவோ சந்தைகளிலும் சோழியைக் கண்டார். அங்கே ஒரு தீனாருக்குக் கிடைத்தது 1,150 மட்டுமே. ஏறத்தாழ 350 மடங்கு வித்தியாசம்.

பின்னாளில் இந்த லாபத்தை ஐரோப்பியர் கைப்பற்றினர். டச்சுக்காரர்கள் இலங்கை வழியாகவும் ஆங்கிலேயர் வங்காளம் வழியாகவும் சோழியை வாங்கினர். கப்பல் ஆடாமலிருக்க அடிப்பாரமாகவும் அதுவே உதவியது. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் போன சோழி, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அதைக் கொடுத்து வாங்கிய சரக்கு, மனிதர்கள். வாங்கப்பட்டவர்கள் விலங்கிடப்பட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சென்றனர். சிப்பி ஓடுகள் விற்றவர்களிடம் தங்கின.

19-ஆம் நூற்றாண்டில் சான்சிபார் பகுதிச் சோழியை ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்து கொட்டியதில் அதன் மதிப்பு சரிந்தது. கானா நாட்டு நாணயத்தின் பெயர் இன்றும் ‘செடி’. அகான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது.